தேய்ந்த பற்கள்

"வாயைத் திற" என்று சொல்வதற்கு முன்பே முதல் பையன் வாயைத் திறந்துவிட்டான்.

பல் டாக்டருக்கு அதுவே உறுத்தியது. கெஞ்சாமல், மிட்டாய் காட்டாமல் வாயைத் திறந்த குழந்தையைப் பதினெட்டு வருஷத் தொழிலில் அவள் கண்டதில்லை. லீவு போட்டு, கடல் தாண்டி, வேற்று மொழி பேசும் ஒரு நாட்டில் பெற்றோரில்லாத பிள்ளைகளுக்கு இலவசமாகப் பல் பார்க்க வந்திருந்தாள். இல்லத்து வார்டனம்மா தமிழ் பேசியதில் வாசலில் நுழையும்போது மனசு குளிர்ந்துதான் போயிருந்தது. இப்போது, பினாயிலும் திரிந்த பாலும் கலந்து நாறும் நீளமான கூடத்தில், சுவரை ஒட்டி முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, ஒரு இருமலோ சிணுங்கலோ இல்லாமல், மின்விசிறியின் கிறீச்சும் வார்டனின் செருப்பும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன.

பையனின் அட்டையில் வயது ஆறு. டார்ச் அடித்தாள். ஒரு பால் பல்கூட இல்லை. கடைவாய்ப் பற்கள் அத்தனையும் முளைத்து, மஞ்சளேறி, எழுபது வயதுக் கிழவருக்குப் போல மழுங்கத் தேய்ந்திருந்தன.

அடுத்த பிள்ளைக்கு ஏழு. அதே வாய். அதற்கடுத்ததும்.

"வார்டனம்மா, வயசெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்களா?"

"அட்டையில இருக்கே டாக்டர்."

"அட்டையை விடுங்க. இது சின்னப் பிள்ளைங்க பல்லே இல்ல."

வார்டன் உதடு பிரியாமல் சிரித்தாள்.

கடைசியாக வந்த குட்டிப்பெண் வாயை இறுக்க மூடிக்கொண்டு அடம்பிடித்தாள். டாக்டருக்கு உயிர் வந்தது. தாஜா பண்ணித் திறக்க வைத்தாள். அரிசி அரிசியாகப் பால் பற்கள். ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா," குழந்தை காதோடு சொன்னாள், அவளும் தமிழில். "நான் வந்து நாலு நாள்தான் ஆச்சு. இவங்க யாரும் தூங்குறதே இல்ல. என் வாயையே பாத்துட்டு இருக்காங்க. என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க."

டாக்டர் எழுந்தாள். "இவளுக்கு எக்ஸ்ரே எடுக்கணும். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"தாராளமா. ஆபீஸ்ல ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

குழந்தையை நாற்காலியிலேயே உட்காரவைத்துவிட்டு டாக்டர் வார்டனோடு போனாள். பக்கத்து அறையில் பேனா எழுதவில்லை. வார்டன் நிதானமாக வேறு பேனா தேடினாள். ஒவ்வொரு இழுப்பறையாக. அப்போது கூடத்தில் பெஞ்சுகள் நகர்ந்தன. நிறையக் கால்கள். பிறகு நிசப்தம்.

டாக்டர் ஓடினாள்.

எல்லோரும் அவரவர் இடத்தில். குட்டிப்பெண் நாற்காலியில்.

"வா கண்ணு, கிளம்பலாம்."

அசையவில்லை. தானாகவே வாயைத் திறந்தாள்.

டாக்டர் குனிந்தாள். கைப்பிடி வைத்த சின்னப் பல் கண்ணாடியை உள்ளே விட்டாள். மஞ்சள். தட்டை. தேய்ந்த கடைவாய்ப் பற்கள், ஒன்றன்பின் ஒன்றாக, அந்தச் சின்ன வாய்க்குள் கொள்ளாமல், தொண்டை வரைக்கும்.

வாய் மூடியது.

குழந்தை அவளையே பார்த்தபடி வாய்க்குள் இருந்ததை மென்றாள். கண்ணாடி நொறுங்கியது. உதட்டோரம் கைப்பிடி ஆடியது. சுவரோரமாக மற்ற எல்லாத் தாடைகளும் மெதுவாக அசைந்தன.

பின்னால் கதவுத் தாழ்ப்பாள் விழுந்தது.