அங்கம்மாவுக்குத் துணையாக வந்தவள்

மடுல்சீமைக்கு மேலே பாதை பெயர்ந்து கிடந்த இடத்தில் வேன் நின்றுவிட்டது. அதற்கு மேல் நடைதான். டிரைவர் இப்றாஹீமைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, நேசராணி தேயிலைக்குள் இறங்கிய ஒற்றையடிப் பாதையில் நடந்தாள். மதிய நேரம்தான். ஆனாலும் பனிமூட்டம் மலையை அடைத்துக்கொண்டதில், தன் செருப்புச் சத்தம்கூட வேறு யாரோ நடப்பது போல அவளுக்குக் கேட்டது.

தோட்டத்து நோயாளிகளைப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, சிகிச்சை முடியும்வரை உதவுகிற சிறிய அமைப்பொன்றில் அவளுக்கு வேலை. பகலெல்லாம் மற்றவர்களின் வலியைக் கேட்பாள். அம்மா இறந்த பிறகு அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்க யாரும் இல்லை.

இன்று அழைத்துப்போக வேண்டியது அங்கம்மாவை. மார்பில் கட்டி. இனியும் தள்ளிப்போட்டால் ஆபரேஷன் செய்தும் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அங்கம்மா மசியவே இல்லை. புருஷன் இல்லை. ஒரே மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். "ஆஸ்பத்திரி வாட்டுல தனியா கெடந்து சாகுறதுக்கு இங்கயே செத்துப் போறேன் மிஸ்" என்பாள்.

மண்சரிவுக்குப் பயந்து மற்றவர்கள் போய்விட்டதால், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் முழுவதும் பூட்டிக் கிடந்தது. கடைசி வீட்டில் மட்டும் புகை. வாசலில் அங்கம்மா தலை வாரி, நல்ல சேலை உடுத்தி, பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க மிஸ். நீங்க அனுப்புன புள்ள காலையிலேயே வந்துருச்சு."

"எந்தப் புள்ள?"

"உள்ள நிக்குதே. நமுனுகுலப் பக்கமாம். பேரு மதுஷான்னுச்சு. வாட்டுல என் கூடவே இருக்குமாம்."

நேசராணி வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தாள்.

மதுஷாவை அவளுக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் அவளே வாட்டில் சேர்த்த பெண். பாதை அடைபட்டு, வீட்டார் வந்து சேர்வதற்குள் பக்கத்தில் ஒருவருமில்லாமல் இறந்துபோனவள்.

வாசலில் குனிந்து உள்ளே பார்த்தாள். இருட்டு. விறகுப் புகையோடு சேர்ந்து ஆஸ்பத்திரித் தரையின் பினாயில் வாடை வந்தது. யாரும் இல்லை.

ஆனால் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். சிரமப்பட்டு, விட்டு விட்டு.

ஓடிவிடலாமா என்றிருந்தது. உண்மையைச் சொன்னால் அங்கம்மா எழுந்து வரமாட்டாள். வராவிட்டால் பிழைக்கமாட்டாள்.

"ஆமாங்கம்மா," என்றாள் நேசராணி. "நான்தான் அனுப்புனேன்."

மூச்சுச் சத்தம் நின்றது.

திரும்பும்போது அங்கம்மா முன்னால் நடந்தாள், நேசராணி பின்னால். அவளுக்கும் பின்னால் ஈரமண்ணில் வெறுங்கால்கள் பதிகிற ஓசை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வேனில் ஏறிய அங்கம்மா, சீட்டில் ஒதுங்கிப் பக்கத்தில் இடம் விட்டாள். இப்றாஹீம் கண்ணாடியைப் பார்த்தார்.

"மிஸ்..." குரலைத் தாழ்த்தினார். "பின்னால ரெண்டு பேரா?"

"வேனை எடுங்க இப்றாஹீம் நானா."

பதுளை வரும்வரை அவர் அந்தக் கண்ணாடிப் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிஸ்சார்ஜ் துண்டு எழுதி வீட்டுக்கு அனுப்பிய அன்று, மகனும் லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தான். அங்கம்மாவின் முகத்தில் தெளிவு. நேசராணி அவள் காதருகே குனிந்தாள்.

"அந்தப் புள்ள...?"

"ராவெல்லாம் என் கையப் புடிச்சிக்கிட்டே இருந்துச்சு மிஸ். கைதான் ஐஸ் மாதிரி."

"இப்ப உங்களோட வருதா?"

"இல்லையே. மகன் வந்துட்டான்ல, இனி பயமில்லன்னு சொல்லிட்டுக் கெளம்பிருச்சு." அங்கம்மா அவள் கன்னத்தைத் தடவினாள். "அனுப்புனவங்ககிட்டயே போறேன்னுச்சு. மிஸ்ஸுக்கும் யாரும் இல்லன்னு ரொம்ப வருத்தப்பட்டுச்சு."

அன்று நேசராணி கடைத்தெருவில் வேண்டுமென்றே சுற்றினாள். மாதா கோயிலில் போய் உட்கார்ந்து ஜெபித்தாள். விளக்கு வைக்கும் நேரம் வந்ததும் வேறு போக்கிடம் இல்லாமல் வாடகை அறைக்குத் திரும்பினாள்.

வெளிப்பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள்.

திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

கையை எடுக்கவும் முடியாமல், கூப்பிடவும் துணியாமல் அப்படியே நின்றாள்.

தாழ்ப்பாள் மெல்ல விலகியது.

"சாப்பிட்டீங்களா மிஸ்?"