எட்டாவது வைக்கோல் கட்டு

மதியம் அவர்கள் கட்டியது ஏழு. பூங்காவைப் பூட்டுமுன் சுற்றிவந்த தொகிவா, குளக்கரையில் எட்டாவதாக ஒன்று நிற்பதைக் கண்டாள்.

கடும்பனி வருமுன், ஈச்சை போலிருக்கும் சைக்கஸ் மரங்களுக்கு வைக்கோல் சட்டை போட்டுவிட வேண்டும். ஒருவர் வைக்கோலை மரத்தோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொள்ள, இன்னொருவர் புரிக்கயிற்றைச் சுற்றிச் சுற்றி இறுக்குவார். உச்சியில் கூம்பாக ஒரு வைக்கோல் குல்லா. பதினோரு வருடமாகத் தொகிவா பிடிக்க, சாகுஹெய் கட்டுகிறார். புருஷன் போன பிறகு அவள் அணைத்துக்கொண்டதெல்லாம் இந்த மரங்களைத்தான்.

சாகுஹெய்யும் தனி ஆள். ஏழாவது முடிச்சைப் போட்டபடியே மெல்ல ஆரம்பித்தார்.

"மரத்தையே கட்டிப்பிடிச்சிட்டு நின்னா எப்படிங்க? என் வீட்லயும்தான் குளிருது. புது வருஷத்துக்கு வந்துடுங்க. வந்தா அப்படியே இருந்துடணும்."

மரமாவது வாயை மூடிக்கொண்டு இருக்கிறது என்று அவள் குத்தினாள். பூட்டும்போது பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டு நகர்ந்தாள். சரி என்றுதான் சொல்லப்போகிறாள். சாயங்காலம் முழுக்க அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிப் பழகிக்கொண்டிருந்தாள்.

குளக்கரையில் ஐரிஸ் பூப்பாத்திதான் உண்டு, சைக்கஸ் கிடையாது. மிஞ்சிய வைக்கோலில் சாகுஹெய் ஏதோ விளையாட்டுக் காட்டியிருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே அருகே போனாள். அறுத்துவிட்ட ஐரிஸ் தாள்களின் அழுகல் வாசனையும், தண்ணீருக்கடியில் அசையாமல் கிடந்த மீன்களின் மங்கிய நிழலும், பைன் ஊசிகளில் பனி வந்து உட்காரும் கேட்டும் கேளாத சத்தமுமாக அந்தி இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றின் மேலும் பனி படிந்திருந்தது, இந்தக் கட்டின் மேல் மட்டும் இல்லை.

புரி தொளதொளவென்று இருந்தது. அப்படியே விட்டால் ராத்திரிப் பனிக்குச் சரிந்துவிடும். தொழில் பழகிய கைகள் யோசிக்கவில்லை. முழங்கையில் ஒட்டுப்போட்ட நீலக் கோட்டோடு, இரண்டு கையாலும் சேர்த்து அணைத்தாள்.

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.

பின்னால் காலடிச் சத்தம். புரி அவள் முதுகைத் தொட்டு வளைந்து வந்தது. கன்னத்தை வைக்கோலில் வைத்தபடி, முகம் தெரியாத தைரியத்தில் சொன்னாள்.

"வரேன். உங்க வீட்டுக்கு வந்து இருந்துடறேன்."

பதிலுக்கு இன்னொரு சுற்று வந்தது, இம்முறை தோளுக்கு மேலே. என்னையும் சேர்த்துக் கட்டுகிறீர்களே என்று அவள் சிரித்தாள்.

அப்போது, தூரத்தில், வாசல் பக்கமிருந்து சாகுஹெய்யின் குரல்.

"தொகிவா, பூட்டலாமாங்க?"

சிரிப்பு நின்றது.

இன்னொரு சுற்று.

கத்தினாள். வாய் நிறைய வைக்கோல்.

இன்னொரு சுற்று. கழுத்தில்.

முடிச்சு.

தலையில் குல்லா இறங்கியது.

வைக்கோல் இடுக்கில் பாதை தெரிந்தது. ஒருத்தி வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அதே நீலக் கோட்டு. முழங்கையில் அதே ஒட்டு.

"வரேன். உங்க வீட்டுக்கு வந்து இருந்துடறேன்."

தொகிவாவின் குரல்.

சாகுஹெய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன இப்படிச் சொரசொரன்னு இருக்கு, குளிரா என்று கேட்டார். அவர் குரலில் அத்தனை சந்தோஷம்.

அவர் பூட்டுவதற்காகக் குனிந்தார். அவள் திரும்பி, குளக்கரையைப் பார்த்தாள். கோட்டுக் கைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த வைக்கோல் ஒன்றை உருவிப் பனியில் போட்டாள்.