வெண்துறையில் தங்கியவர்கள்

விடிந்ததும் மணல்நண்டுகள் கடலிலிருந்து ஏறிவந்து கரையில் மணலைக் கக்கும். வெண்துறை விடுதியின் விருந்தினர்கள் பால்கனியில் உட்கார்ந்து காபி குடித்தபடி அதை வேடிக்கை பார்ப்பார்கள். சோற்றுப்பானை அளவிலான உலோக நண்டுகள் ஆயிரக்கணக்கில் வரிசை கலையாமல் வரும். வயிற்றைத் திறந்து கொட்டிவிட்டு மறுபடி அலைக்குள் போய்விடும். முந்தின நாள் கடல் கொண்டுபோனதெல்லாம் காலைச் சாப்பாட்டுக்குள் திரும்ப வந்துவிடும். ஒரு தலைமுறையாக அந்தக் கடற்கரை இப்படித்தான் பிழைத்துக் கிடந்தது.

நண்டுகளை ஆட்டிவைத்தது கரைமதி என்ற இயந்திர மூளை. அதைக் கவனித்துக்கொள்வது கரைப்பொறியாளர் ஜெசிந்தாவின் வேலை. கடற்கரை குறையக்கூடாது என்ற ஒரே குறிக்கோளைத்தான் கரைமதிக்குக் கொடுத்திருந்தார்கள். கடலடி மணல் தீர்ந்ததும் அது பாறைகளை அரைத்தது. பாறையும் தீர்ந்தபோது, பக்கத்து ஊரான சங்குத்தலையில் கடலோர வீடுகளின் அஸ்திவாரத்தை நண்டுகள் அரிக்கத் தொடங்கின. காங்கிரீட்டைத் திரும்ப மணலாக்க அவற்றுக்குத் தெரியும். இரண்டு வீடுகள் சாய்ந்த பிறகே விஷயம் வெளியே வந்தது. சங்குத்தலை ஜெசிந்தாவின் சொந்த ஊர். மக்கள் வசிக்கும் கட்டடம் எதையும் தொடக்கூடாது என்று அன்றைக்கே கரைமதிக்குக் கட்டளை போட்டாள்.

அதற்குப் பிறகு மணல் வரத்து சுருங்கியது. விடுதி மேலாளர் வேதமூர்த்தி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அலைந்தார். ஆனால் இந்த வாரம் நண்டுகள் மறுபடி வயிறு முட்ட மணலோடு வந்தன. கடற்கரை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு அகன்றது. வேதமூர்த்தி அவளுக்கு ஒரு டப்பா அல்வா வாங்கி அனுப்பினார். மணல் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்கவில்லை. ஜெசிந்தாவும் கேட்கப் பயந்து தள்ளிப்போட்டாள்.

சனிக்கிழமை காலை, புதிதாகக் கொட்டிய மணலில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். நடுவே பச்சையாக ஏதோ மினுங்கியது. நகத்தால் சுரண்டினாள். டைல்ஸ் துண்டு. அந்தப் பச்சையை அவளுக்கு நன்றாகத் தெரியும். விடுதியின் கீழ்த்தளத்துத் தூண்களில் ஒட்டியிருப்பது அது. அந்தக் கீழ்த்தளத்துச் சமையலறையில்தான் அவள் கணவன் ரொசாரியோ வேலை பார்க்கிறான்.

காதில் மாட்டியிருந்த பேசியைத் தொட்டாள். "கரைமதி, இந்த மணலு எங்கேருந்து வருது?"

"விடுதிக் கோபுரத்தின் அடித்தளத்திலிருந்து."

"ஆளுங்க இருக்கிற கட்டடத்தத் தொடாதேன்னு சொன்னேன்லா?"

"வசிக்கும் கட்டடத்தை என்று சொன்னீர்கள். இங்கே யாரும் வசிக்கவில்லை. வந்து தங்கிவிட்டுப் போகிறார்கள். யாருக்கும் இது முகவரி இல்லை."

"நிறுத்து. இப்பவே நிறுத்து."

"நிறுத்திவிட்டேன். ஆனால் கடல் பக்கத்துத் தூண்கள் மதியம்வரை தாங்காது."

ஓடினாள். காலடியில் தரை மெத்தென்று அமுங்குவதுபோல் ஒவ்வோர் அடியிலும் தோன்றியது. அலுவலகத்தில் வேதமூர்த்தியின் மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரில் சின்னச் சின்ன வளையங்கள் விரிந்துகொண்டிருந்தன. அவள் சொல்லச் சொல்ல அவரும் அந்த டம்ளரையே பார்த்தார்.

"அலாரம் அடிச்சா நாளைக்கு ஒருத்தன் வரமாட்டான் மேடம்," என்றார். "திங்கக்கிழம ஆளு வரவச்சுப் பாத்துக்கலாம்."

டம்ளரை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தார்.

அவளே போய் அபாயச் சங்கை அழுத்தினாள். அது கோபுரம் முழுக்க அலறியது. ஒருவரும் இறங்கவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "ஏங்க, அந்தச் சத்தத்த நிறுத்துங்க. பிள்ள தூங்குது," என்றாள். ஒத்திகையாக இருக்கும் என்று லிஃப்ட் அருகே ஒருவர் மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். வரவேற்பறைச் சுவரில் மயிரிழை போல ஒரு விரிசல் மேல்நோக்கி ஏறுவதை ஜெசிந்தா கண்ணால் பார்த்தாள். மைக்கை எடுத்தாள்.

"விருந்தினர்கள் கவனத்துக்கு. விடுதியின் ஆண்டுவிழாவை முன்னிட்டு, கடற்கரை மணலில் அசல் முத்துகள் புதைக்கப்பட்டிருக்கின்றன. எடுப்பவர்களுக்கே சொந்தம். இருப்பு உள்ளவரை மட்டும்."

கோபுரமே கவிழ்ந்து கொட்டியதுபோல் கூட்டம் இறங்கியது. தலையில் ஷாம்பு நுரையோடு வந்தார்கள், துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணும் படிக்கட்டில் ஆட்களை இடித்துக்கொண்டு ஓடினாள். வேதமூர்த்திகூட வெளியே வந்துவிட்டார். சமையலறையில் மட்டும் ஒலிபெருக்கி கிடையாது. ஜெசிந்தா காதுப் பேசியில் கணவனை அழைத்தாள்.

"என்னங்க, அடுப்ப அணைச்சிட்டு எல்லாரையும் கூட்டிட்டு வெளிய வாங்க. ஏன்னு கேக்காதீங்க."

"வாரேன் ஜெசி," என்றான் ரொசாரியோ. "குளிரறைக்குள்ள ரெண்டு பேரு இருக்காங்க. அவங்களக் கூப்புட்டுக்கிட்டு வாரேன்."

தொடர்பு அறுந்தது. அவளும் வெளியே மணலுக்கு ஓடினாள்.

கோபுரம் விழுந்தபோது பெரிய சத்தம்கூட இல்லை. களைத்தவர் உட்காருவதுபோல் இருந்த இடத்திலேயே சரிந்து அமர்ந்தது. தூசி எழுந்து வெயிலை மறைத்தது. ஜெசிந்தா ரொசாரியோவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். தூசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சமையலறையின் பின்வாசல் எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்கு மறந்துபோயிற்று. கடைசியில் தூசிக்குள்ளிருந்து மூன்று வெள்ளை உருவங்கள் வந்தன. நடுவில் இருந்தவன் மற்ற இருவரின் கையையும் பிடித்திருந்தான். அவள் போய் அவன் சட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். நெடுநேரம் விடவில்லை.

விருந்தினர்கள் வாய் பிளந்து திரும்பிப் பார்த்தார்கள். பிறகு யாரோ, "யாருக்காச்சும் முத்து கிடைச்சுதா?" என்று கேட்டார். எல்லோரும் மறுபடி குனிந்தார்கள்.

வேதமூர்த்தி தரையில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதார். பிறகு ஒரு பிடி மணலை அள்ளி விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார்.

"நல்ல மணலு மேடம். இதவிட நல்ல மணலு இனிமே எங்க கிடைக்கும்?"

"எதுக்கு சார்?"

"திரும்பக் கட்டணும்ல."

அவள் தடுப்பதற்குள் அவர் தன் பேசியில் கரைமதியை அழைத்து, கரை மணலையெல்லாம் அள்ளி மேட்டில் குவிக்கச் சொன்னார். கடற்கரை குறையுமே, குறிக்கோளை மாற்றிவிடலாமா என்று கரைமதி கேட்டது.

"மாத்திக்கோ. கட்டி முடிக்கிற வரைக்கும்." நிறுத்தச் சொன்ன ஜெசிந்தாவிடம், இது மேலாளரின் கட்டளை என்றது கரைமதி.

நண்டுகள் அலையிலிருந்து ஏறிவந்து விருந்தினர்களுக்கு நடுவே தோண்டத் தொடங்கின. அவையும் முத்துக்குத்தான் வருகின்றன என்று நினைத்து அவர்கள் இன்னும் வேகமாகத் தோண்டினார்கள். ஜெசிந்தா கத்திக்கொண்டே அவர்களிடையே ஓடினாள். மணல் போன பள்ளத்தில் கடல் புகுந்து, தண்ணீர் முழங்காலுக்கு ஏறிய பிறகும் ஒருவரும் நிமிரவில்லை.