நட்டைத் தளர்த்தியது யார்?

1937, மொரிஷியஸ் தீவு. மழை வெளுத்து வாங்கிய ஒரு மாலை. சேன் பியேர் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே, பொன்னம்மா ஓட்டிய பழைய கார் பள்ளத்துக்குப் பள்ளம் துள்ளியது. பின்சீட்டில் நிறைமாதக்காரி ஒருத்தி வலியில் முனகினாள். மருத்துவச்சியான பொன்னம்மா வேறு வழியின்றிக் காரை ஓரங்கட்டினாள்.

சைக்கிளில் வந்த இளைஞன் ஒருவன், கேட்காமலே சேற்றில் மண்டியிட்டுப் பார்த்தான். ஸ்பிரிங் பட்டைகள் நன்றாகத்தான் இருக்கின்றன, துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரின் நட்டுதான் தளர்ந்திருக்கிறது என்றான். பையிலிருந்து ஸ்பானரை எடுத்து முறுக்கிவிட்டு நிமிர்ந்தான். மழை வழிந்த அந்தக் கண்கள்... அவள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"தானா கழன்ற மாதிரி தெரியல, மாம்செல். யாரோ தளர்த்தியிருக்காங்க."

பக்கத்து ஊரான காத்ர் போர்னில் கார் பட்டறை வைத்திருக்கும் ராமசந்திரன் அவன். பிரசவம் நல்லபடி முடிந்தது. ஆனால் அவள் மனசு உறுத்தியது. சரியான இடத்தில் சரியான ஆள்... அதுவும் கையில் ஸ்பானரோடு?

அடுத்த வாரம் வேலை முடிந்து ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தவள் திகைத்தாள். அவள் காரின் சக்கரத்தருகே அதே ராமசந்திரன், அதே ஸ்பானர்!

பட்டறைக்கு வேலை பிடிக்க இப்படியும் ஒரு வழியா என்று பொரிந்து தள்ளினாள். முறுக்கத்தான் வந்தேன் என்றான். அதற்கு மேல் வாதாடவில்லை. அந்த மௌனமே அவளுக்கு ஒப்புதலாகப் பட்டது.

ஒரு விடியற்காலையில் கார் கொட்டகையில் இரும்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அப்பா! அரசாங்கக் குமாஸ்தா பொன்னுசாமி, சட்டைக் கையை மடித்துவிட்டு நட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தார். தோட்டங்களில் வேலைநிறுத்தம், அடிதடி... போகாதே என்று சொன்னால் மகள் கேட்கமாட்டாள், கார் பயமுறுத்தினால் வீட்டோடு இருப்பாள் என்று நினைத்தாராம். அன்று பின்சீட்டில் முனகியவளைப் பற்றி அவள் சொன்னாள். அவர் எழுந்து, ஸ்பானரை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

நட்டை முறுக்கிவிட்டு நேரே பட்டறைக்குப் போனாள்.

"அப்பாதான்னு உங்களுக்குத் தெரியுமா?"

அன்று ஆஸ்பத்திரி வாசலில் அவர் தளர்த்துவதைத் தான் பார்த்துக் கேட்டபோது, மகளிடம் சொல்லிவிடாதே என்று கெஞ்சினார் என்றான்.

"நான் அவ்வளவு திட்டினேனே... அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அவர வெறுப்பீங்க. என்னை வெறுத்தா... திட்டுறதுக்காவது வருவீங்கன்னு நெனச்சேன்."

அவள் முகம் சிவந்தது. தெருவில் நின்ற காரை அவன் எட்டிப் பார்த்தான். இன்று என்ன கோளாறு என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல," என்றாள் மெதுவாக. "கார் நல்லாத்தான் இருக்கு. நான்தான்... வரணும்னு வந்தேன்."