ஒரு மார்க் மந்தம்

காலையில் யாழினி கணவனைப் பார்த்தாள். கிரிதரன் மனைவியைப் பார்த்தான். அத்துடன் அன்றைய பேச்சு முடிந்தது.

சண்டை ஒன்றும் இல்லை. காபியில் சர்க்கரை கம்மி என்று சொல்ல கிரிதரன் வாயெடுப்பதற்குள், அவன் அதைத்தான் சொல்லப் போகிறான் என்று யாழினிக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் அவ்வளவுதான் போடச் சொன்னார் என்று அவள் பதில் சொல்வாள் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த டாக்டரே மூன்று ஸ்பூன் போட்டுக் குடிக்கிற ஆள் என்று அவன் சொல்வதும், அதற்கு அவள் முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வதும், எல்லாம் அரை நொடியில் இரண்டு மண்டைக்குள்ளும் நடந்து முடிந்தன. இருவரும் அமைதியாகக் காபி குடித்தார்கள். கோயம்புத்தூரில் அத்தனை வீடுகளிலும் பொழுது இப்படித்தான் விடிந்தது.

காரணம் உடன்மதி. காதுக்குப் பின்னால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், பூசணி விதையளவு சில்லு. அதை மாட்டிக்கொண்டால் அறிவுத்திறன் எண் இருநூற்றுப் பன்னிரண்டு. கலெக்டருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு, கலெக்டர் வீட்டு வாசலில் கீரை விற்கிறவருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு. தெருநாய்களுக்கு மட்டும் தொண்ணூறு கொடுத்திருந்தார்கள், சாலையைப் பார்த்துக் கடப்பதற்காக.

உடன்மதியில் 'முன்கூறு' என்று ஒரு வசதி. எதிரில் இருப்பவர் அடுத்து என்ன சொல்வார் என்று ஊகித்துச் சொல்லிவிடும். பழகப் பழகத் துல்லியம் கூடும். ஆகவே முன்பின் தெரியாதவர்கள் பஸ் நிறுத்தத்தில் மணிக்கணக்கில் பேசினார்கள். கணவன் மனைவி பேசுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

கழற்றி வைத்துவிட முடியாதா? கிரிதரன் ஒரு தடவை குளியலறையில் கழற்றிப் பார்த்தான். ஆள் போய்விட்டான் என்று நினைத்து ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. வெறுந்தலையோடு இருப்பது சட்டப்படி குற்றம் வேறு. அடுப்பும், கதவும், தண்ணீர்க் குழாயும் உடன்மதி இல்லாதவர் கைக்கு மசியா.

அறுபத்தெட்டு என்பது நடுத்தர வயது ஆகிவிட்ட காலம் அது. கிரிதரனுக்கு அறுபத்தெட்டு. இன்னும் எத்தனையோ வருடம் பாக்கி இருக்கிறது. அத்தனையையும் இப்படி வாய் மூடிக் கழிப்பதா? அவள் என்ன சொல்வாள் என்று தெரியாமல் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், ஒரே ஒரு மணி நேரமாவது. வேறு ஆசை அவனுக்கு இல்லை.

அப்படி உட்கார்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. உடன்மதி வருவதற்கு முன்னால், நூறு பேரில் இரண்டு பேரை மட்டும் சேர்த்துக்கொள்ளும் உயர்மதிச் சங்கம் ஒன்று ஊரில் இருந்தது. கிரிதரன் தேர்வு எழுதி அதில் தேறியபோது அவன் அப்பா கேட்டார்.

"சேந்தா என்னடா குடுப்பாங்க?"

"கார்டு குடுப்பாங்கப்பா."

"ரேசன் கார்டா?"

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் மாதாந்திரக் கூட்டம். முதல் கூட்டம் முழுக்க ஃபேனை எந்த வேகத்தில் வைப்பது என்று மேதைகள் விவாதித்தார்கள். அடுத்த கூட்டத்தில் செயலாளர் தேர்தல். கிரிதரன் நின்று, ஒரு பல் டாக்டரிடம் தோற்றான். அதை அவன் வெகு நாள் மறக்கவில்லை. ஆனால் கூட்டம் முடிந்ததும் பேக்கரிப் படிக்கட்டில் அவனைவிட ஒரு மார்க் அதிகம் வாங்கித் தேறிய பெண் ஒருத்தி பஃப்ஸ் தின்றபடி உட்கார்ந்திருப்பாள். அவள்தான் யாழினி. இருட்டும்வரை பேசுவார்கள். பேக்கரிக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கி, "கொஞ்சம் தள்ளி உக்காந்து பேசுங்க சாமி" என்பார்.

உடன்மதி வந்து எல்லோரும் ஒரே எண் ஆனதும் அந்தச் சங்கம் கலைந்தது. அட்டையை மட்டும் கிரிதரன் வைத்திருந்தான்.

கிரிதரனுக்கு அறுபத்தெட்டு ஆன வருடம்தான் ரேஸ்கோர்ஸில் எளியமதிச் சங்கம் திறந்தார்கள். அரசு அனுமதி பெற்ற இடம். காம்பவுண்டுக்குள் உடன்மதியைக் கழற்றி வைத்துவிட்டு உட்காரலாம், பேசலாம், மறக்கலாம். ஊரே அங்கே ஓடியது. கூட்டத்தைச் சமாளிக்க நுழைவுத் தேர்வு வைத்தார்கள். இந்தத் தடவை மந்தத்துக்கு மார்க். வெறுந்தலையில் யார் மிகவும் மந்தமோ அவர்களுக்கு இடம். கட்-ஆஃப் தொண்ணூற்றாறு.

தேர்வு வந்தால் பயிற்சி நிலையம் வராமல் இருக்குமா? காந்திபுரத்தில் வரிசையாகத் திறந்தார்கள். அவற்றில் பேர்போனது லோகேஷ் மாஸ்டருடையது. கிரிதரனும் யாழினியும் போனார்கள்.

"வாங்க, உக்காருங்க. புருசன் பொஞ்சாதி ரெண்டு பேருமா? நல்லதுங்க. மந்தம்னா சும்மா இல்லீங்க, அதுக்கு ரொம்ப புத்தி வேணும்."

"தப்புத் தப்பா எழுதினா போதாதா?" என்றான் கிரிதரன்.

"அய்யய்யோ, தப்பா எழுதினா ஃபெயிலுங்க. தப்பா எழுதோணும்னா சரியான விடை தெரிஞ்சிருக்கோணுமல்ல? இங்க பாருங்க. ரயில் அறுபது கிலோமீட்டர் வேகத்துல போகுது, எப்ப ஈரோடு போய்ச் சேரும்னு கேக்கறாங்க. நீங்க என்ன எழுதோணும்?"

"தெரியாதுன்னு எழுதணும்."

"அதுக்கு நாப்பது மார்க்குதான். 'ஈரோட்டுல நமக்கு யாரு இருக்காங்க?'ன்னு எழுதோணும். நூறு மார்க்."

அப்புறம் அவர் குரலைத் தாழ்த்தி ஒரு டப்பாவைத் திறந்தார். உள்ளே அரிசியளவு சில்லுகள். நாக்குக்கு அடியில் ஒளித்துக்கொள்ளும் சின்ன உடன்மதி. கேள்வியைப் படித்ததும், அசல் மந்தன் என்ன எழுதுவானோ அதைத் துல்லியமாகச் சொல்லிவிடும்.

"போன மாசம் தேறினவங்க பூராவும் நம்ம சரக்குதானுங்க."

யாழினி எழுந்துவிட்டாள். "தலையைக் கழட்டி வெச்சுட்டுப் பேசலாம்னு போறோம். வாய்க்குள்ள ஒண்ணை ஒளிச்சு வெச்சுக்கிட்டு என்னத்தைங்க பேசறது?"

இருவரும் எதையும் ஒளிக்காமல் சனிக்கிழமை தேர்வுக்குப் போனார்கள். வாசலில் மரகதம் என்ற காவலாளி தட்டை நீட்டினாள். அதில் உடன்மதிகளைக் கழற்றி வைக்க வேண்டும்.

"கழட்டுனா ஒரு மணி நேரம் ஆறோணுமுங்க. அதுக்குள்ள மாட்டுனா தலை கொழம்பிக்கும். ஃபெயிலாறவங்க அந்தப் படியில உக்காந்துக்கலாம்."

கழற்றியதும் கிரிதரனுக்கு உலகம் கொஞ்சம் மங்கியது. எதிர்ச்சுவரில் எத்தனை செங்கல் என்பது தெரியவில்லை. நிம்மதியாக இருந்தது.

எழுதி முடித்ததும் மார்க் சுவரில் தெரிந்தது. கண்ணாடிக் கதவு வழியாக, தேறினவர்கள் கூடியிருந்த ஹாலை அவன் எட்டிப் பார்த்தான். வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. மாதக்கணக்கில் பழகியவர்கள். ஒவ்வொருவர் நாக்குக்கு அடியிலும் ஓர் அரிசி. அடுத்தவர் சொல்லப் போகும் அசட்டுத்தனம் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

அவன் வெளியே வந்து படியில் உட்கார்ந்தான். பக்கத்தில் யாழினி இருந்தாள்.

"எவ்வளவு?" என்றாள்.

அந்தக் கேள்வியே அவனுக்குப் புதிதாக இருந்தது. "அறுபத்தொண்ணு. உனக்கு?"

"அறுபத்திரண்டு."

"என்னை விட ஒரு மார்க் மந்தம்."

"அன்னிக்கும் உங்களை விட ஒண்ணு ஜாஸ்திதான்."

"அது புத்திக்கு."

"எதுக்கா இருந்தா என்ன? ஜாஸ்தி ஜாஸ்திதான்."

கிரிதரன் சிரித்துவிட்டான். இது வரும் என்று அவனுக்குத் தெரியாது. காபி சுடுமா ஆறிவிட்டதா என்று தெரியாமல் உதட்டில் வைக்கிற மாதிரி இருந்தது.

"முதல் கூட்டத்தன்னிக்கு நல்ல மழை, ஞாபகம் இருக்கா?"

"மழையா? வெயில்ல எனக்குக் கன்னம் எரிஞ்சுது. வேற யாரு கூடவோ நனைஞ்சிருக்கீங்க."

"முட்டை பஃப்ஸ் வாங்கிக் குடுத்தேனே."

"காய்கறி பஃப்ஸ். வெள்ளிக்கிழமை நான் முட்டை தொடறதே இல்லை."

"ஞாயித்துக்கிழமைதான் சங்கம் கூடும்."

"அப்ப சஷ்டியா இருந்திருக்கும்."

"சஷ்டியும் இல்லை, ஒண்ணும் இல்லை. பாதி முட்டை கீழ விழுந்துச்சு. காக்கா கொத்திட்டுப் போச்சு."

"போடா, அது காலிஃபிளவரு."

இரண்டு பேரும் நிறுத்தினார்கள். கல்யாணமாகி மாமியார் வீட்டுக்கு வந்த நாளில் யாழினி அந்த 'டா'வை விட்டவள். அது எங்கே போயிருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு," என்றான் கிரிதரன்.

"மாட்டேன்."

உடன்மதிக்கு அது பொருத்தப்பட்ட நாளுக்குப் பின்னால் நடந்ததுதான் நினைவிருக்கும். அதற்கு முந்தியதைக் கேட்டால் சதவீதக் கணக்கு சொல்லும். கணக்கு வந்துவிட்டால் சண்டை போட இடமிருக்காது. இப்போது இருந்தது. மாடியில் என்ன பேசினோம் என்று கேட்டுக்கொண்டார்கள். இருவருக்கும் ஒரு வார்த்தை நினைவில்லை. ஃபேன் விவாதத்தில் யாருடைய கட்சி ஜெயித்தது என்றுகூட மறந்துபோயிற்று. படிக்கட்டில் மூன்றாவது படி உடைந்திருந்தது மட்டும் இருவருக்கும் ஞாபகம் இருந்தது.

கீழ்ப்படியில் இருந்த, தேர்வில் தோற்ற இன்னொருவர் பழைய நடிகர் ஒருவரின் பெயரை மறந்துவிட்டுத் தவித்தார். எல்லோரும் கூடச் சேர்ந்து தவித்தார்கள். "தொண்டையில நிக்குது, தொண்டையில நிக்குது" என்று அவர் நெஞ்சைத் தட்டிக்கொண்டார். நேரம் முடிந்து மரகதம் தட்டைக் கொண்டுவரும்வரை பெயர் வரவில்லை. மாட்டியதும் வந்தது. அவர் முகம் தொங்கிப்போயிற்று.

வீட்டுக்குப் போகும் வழியில் கிரிதரனும் யாழினியும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமையும் ஃபெயிலாகலாமா என்று அவன் கேட்கப் போவதும், ஆகலாம் என்று அவள் சொல்லப் போவதும் இருவருக்கும் தெரிந்தது.

அப்படியே வாராவாரம் போய்த் தோற்றார்கள். படியில் பேசினார்கள். இந்தச் சேதி ஊருக்குள் பரவியது. ஹாலில் இடம் பிடித்தவர்கள் கண்ணாடி வழியாகப் படிக்கட்டைப் பொறாமையோடு பார்த்தார்கள். சிலர் ராஜினாமா செய்துவிட்டு வந்து தேர்வு எழுதித் தோற்றார்கள். ஒரு சனிக்கிழமை கிரிதரன் வெளியே வந்தபோது அவனும் யாழினியும் உட்காரும் படியில் யாரோ ஒரு குடும்பம் முறுக்கு தின்றுகொண்டிருந்தது.

"இது சரியில்லை," என்றான் கிரிதரன். "சும்மா பொழுது போக்கறதுக்கு வராங்க. நிஜமாவே தோத்தவங்க எத்தனை பேரு இதுல?"

"கொஞ்சம் தள்ளி உக்காந்தா போச்சு," என்றாள் யாழினி.

ஆனால் மற்றவர்கள் அவன் சொன்னதை ஆமோதித்தார்கள். ஒரு ஒழுங்கு வேண்டும் என்றார்கள். யாராவது பொறுப்பெடுக்க வேண்டும் என்றார்கள். எல்லோரும் கிரிதரனைப் பார்த்தார்கள். படிக்கட்டுச் சங்கத்தின் செயலாளர் ஆகும்போது, பல வருடங்களுக்கு முந்திய ஒரு பல் டாக்டரின் முகம் அவனுக்கு எந்தச் சில்லும் இல்லாமலே நினைவுக்கு வந்தது.

சின்னதாக ஒரு தேர்வு வைப்பதென்று முடிவாயிற்று. அசலான தோல்வியை அளக்கும் தேர்வு. வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பு செயலாளருக்கு. திருத்தும்போது பிழை வந்துவிடக் கூடாதே என்று கிரிதரன் அன்று உடன்மதியைக் கழற்றவில்லை. வாசலுக்கு எதிரே ஒரு பலகை முளைத்திருந்தது: படிக்கட்டு நுழைவுத் தேர்வுக்கு லோகேஷ் மாஸ்டர் பயிற்சி அளிக்கிறார்.

முதல் படி முதல் கடைசிப் படிவரை எத்தனை பேர் உட்காரலாம் என்று அளந்து கட்-ஆஃப் போட்டார்கள். யாழினி வெறுந்தலையோடு எழுதினாள். மார்க் வந்தது. கட்-ஆஃபுக்கு ஒன்று குறைவு.

அவள் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். மரகதத்துக்குக்கூட ஒரு மாதிரியாகிவிட்டது. "சாருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, உங்க வூட்டுக்காரருதானுங்களே."

கிரிதரன் படியிறங்கி வந்தான். விலக்கு கேட்பாள் என்று உடன்மதி சொன்னது. பதில் தயாராக இருந்தது. செயலாளர் மனைவி என்பதற்காக ஒரு மார்க் விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள். அவள் அதைக் கேட்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உடன்மதி ஒரு கணம் தயங்கிக் கணக்கைத் திருத்திக்கொண்டது.

"அன்னிக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"முட்டை பஃப்ஸ். எழுபத்தொரு சதவீதம்," என்றான் கிரிதரன்.

யாழினி தலையாட்டினாள். மரகதத்தின் தட்டில் தன்னுடைய சில்லைத் தேடி எடுத்தாள். ஒரு மணி நேரம் ஆகும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றாள். அப்புறம் மாட்டிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். அன்றைய பேச்சு முடிந்தது.