கஸ்பாரின் கல்

நாற்பதே நிமிடம், அதற்குள் திரும்பாவிட்டால் காற்று மாறிவிடும் என்று எச்சரித்துவிட்டுத்தான் கப்பல் தலைவர் ரப்பர் படகை இறக்கினார்.

ஜெசிந்தா முதல் ஆளாகக் கரையில் குதித்தாள். பன்னிரண்டு பயணிகளோடு வடகோடித் தீவுகளைச் சுற்றும் அந்தச் சின்னக் கப்பலில் மற்றவர்கள் பறவை பார்க்க வந்தவர்கள். அவளும் கணவன் தொபியாசும் கல்லறை தேடி வந்திருந்தார்கள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் இந்தக் கடலில் மூழ்கிய சரக்குக் கப்பலோடு அவள் அண்ணன் கஸ்பார் போனான். உடல் கிடைக்கவில்லை. கண்ணால் பார்க்காத சாவுக்குப் பூசை வைக்க மாட்டேன் என்று தூத்துக்குடியில் அம்மா இன்னும் காத்திருக்கிறாள். அடையாளம் தெரியாத மாலுமிகளை இத்தீவுக்காரர்கள் புதைப்பார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் இந்தப் பயணம். ஆறு தீவுகள் பார்த்தாயிற்று. இதுதான் கடைசி.

நம்மூரில் ஆடியில்தான் அம்மி பறக்கும். இங்கே ஆண்டு முழுக்க ஆடி! கரையில் வெயில், மேட்டில் பாதி ஏறியதும் ஆலங்கட்டி மழை.

"பாத்து வா புள்ள, பாசி வழுக்குது," என்று தொபியாஸ் கைகொடுத்தான்.

கல்லறைத் தோட்டத்தின் மூலையில் எழுத்தில்லாத ஒரு கல். ஜெசிந்தா குனிந்து மழைநீரைத் துடைத்தாள். ஒரு குறுக்குக் கோடு, கீழே இரண்டு புள்ளி, ஒரு சுழி. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் வீட்டுத் துணிக்கெல்லாம் சலவைக்காரர் மாடசாமி சேங்கொட்டை மையால் போடும் குறி அது!

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தீவுக்காரப் பெண் அருகே வந்தாள். அவள் பேசிய ஆங்கிலம் ஜெசிந்தாவுக்குப் பாதி புரிந்தது, மீதியைத் தொபியாஸ் சொன்னான். கரை ஒதுங்கிய உடலில் அடையாளச் சீட்டு எதுவும் இல்லையாம். சட்டைக் கழுத்துப்பட்டையில் இது மட்டும் இருந்ததாம். இறந்தவர் மொழியில் அது அவர் பெயராக இருக்கும் என்று அவள் அப்பா அப்படியே செதுக்கிவிட்டாராம். பெயரில்லாமல் புதைப்பது அங்கே வழக்கமில்லை. வருடா வருடம் எல்லாக் கல்லின் பெயரையும் வாசிப்பார்கள், இதன் முன்னால் மட்டும் பேசாமல் நிற்பார்கள். இதை எப்படி வாசிக்க வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள்.

சலவைக் குறி என்று சொல்ல ஜெசிந்தாவுக்கு மனம் வரவில்லை.

"கஸ்பார்," என்றாள். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

அந்தப் பெண் மூன்று தடவை சொல்லிப் பழகிக்கொண்டாள்.

ஒரு பிடி மண்ணோடு அவர்கள் படகேறியபோது காற்று மாறிவிட்டிருந்தது. அலை தலைக்குமேல் அடிக்க, நனைந்து நடுங்கித்தான் கப்பல் சேர்ந்தார்கள். போன பிறகும் ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் துறைமுகத்திலிருந்து போனில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா ஒன்று மட்டும் கேட்டாள்.

"அந்தக் குளிருல சட்ட போட்டிருந்தானாட்டி?"

"போட்டிருந்தாம்மா. நம்ம மாடசாமி வெளுத்த சட்ட."

"சரி," என்றாள் அம்மா. "சாமியாருகிட்ட பூசைக்குச் சொல்லிருதேன்."