கழற்றிப் போட்ட கேபிள்

சோதனைக்காகக் கேபிளைக் கழற்றிய பிறகும் கட்டுப்பாட்டு அறைப் பேனலில் அந்தப் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. செல்வசிங் கையிலிருந்த கேபிள் நுனியைப் பார்த்தார். மறுபடி விளக்கைப் பார்த்தார். நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மறுமுனை சப்ஸ்டேஷன் பேசுகிறது என்பதற்கான விளக்கு அது. லைனில் கோளாறு என்றால் இந்த ஈதர்நெட் கேபிள் வழியாகத்தான் இரண்டு முனைகளும் கண்ணிமைப்பதற்குள் சேதி சொல்லி மின்சாரத்தை வெட்டும். கேபிளே இல்லாமல் யார் பேசுவது?

மதியம் ஒன்றேகால். அமீரகத்தில் அஜ்மானைத் தாண்டிய அந்தப் பாலைவனத்தில், கோடைக்கால மதிய ஓய்வு என்பதால், யார்டில் ஈ காக்கை இல்லை. ஏசியின் இரைச்சலும், சூடேறிய ரப்பர் வாசனையும், ஜன்னலில் மணல் உரசும் சத்தமும் அந்த நீண்ட அறையை அடைத்துக்கொண்டிருந்தன. மறுமுனையில் மச்சினன் ஜெரிஷும் மூன்று மணி வரை ஓய்வறையில்தான் இருக்கவேண்டும். விசா எடுத்து அவனைக் கூட்டிவந்தது இவர்தான். தம்பியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மனைவி சுகிர்தராணி சொல்லாத நாளில்லை.

மறுமுனை டவரில் வேலை நடப்பதால் இன்று லைனை அணைத்திருந்தார்கள். வேலை முடியுமுன் யாரும் மின்சாரம் விட்டுவிடாதபடி சுவிட்சில் ஆளுக்கொரு பூட்டு போடுவது முறை. அவ்வளவு தூரம் அவன் வந்துபோக வேண்டாமே என்று, ஜெரிஷின் பூட்டையும் இவரே மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

மேசை போன் அடித்தது. அதுவும் இதே கேபிளில் ஓடுவது.

"அத்தான், வேல முடிஞ்சு. எறங்கியாச்சு. பூட்டத் தொறந்து லைன் போடுங்க."

ஜெரிஷின் குரல்தான். ஆனால் மூச்சுச் சத்தமே இல்லை.

"லேய், யாரு பேசுகது?"

"லைன் போடுங்கத்தான்."

ரிசீவரை வைத்துவிட்டு, மொபைலில் ஜெரிஷை அழைத்தார். அந்தப் பக்கம் காற்று இரைந்தது.

"என்னத்தான் மறுபடி? டவர்லதான் நிக்கேன்."

"ரெஸ்ட் நேரத்துல யாருலே ஏறச் சொன்னா?"

"நீங்கதான! ஆபீஸ் போன்ல கூப்புட்டீங்கள்ல? லைன் செத்துதான் கெடக்கு, பாதுகாப்புக்குப் போட்ட எர்த்தக் கழட்டிட்டு கடசி போல்ட்ட முறுக்கிருன்னு. கம்பி கையிலதான் இருக்கு."

"கைய எடு! எறங்குலே!"

யார்டில், லைனுக்கு மின்சாரம் விடும் பிரேக்கரின் மோட்டார் சுற்றத் தொடங்கியது.

பூட்டு இரண்டும் பூட்டியபடி. சாவி பையில். கேபிள் தரையில்.

மேசை போனின் ஸ்பீக்கர் தானாக உயிர்பெற்றது. செல்வசிங்கின் அதே குரல், அவர் வாய் திறக்காமலேயே. நிதானமாக.

"கைய எடுக்காத மக்கா. நல்லா இறுக்கிப் பிடி."

மொபைலில் ஜெரிஷ் சொன்னான்: "சரி அத்தான்."